பறித்ததும் அல்ல, கொடுத்ததும் அல்ல

விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் என் கைப்பையைத் தனியே ஒதுக்கி வைத்த அலுவலர், அதற்குள்ளிருந்த பேனாப் பையைத் திறந்து என் குத்தூசியை வெளியே எடுத்தபோதுதான், அது அங்கே இருக்கிறது என்பதே எனக்கு நினைவுக்கு வந்தது. ஓய்வு நேரங்களில் பழைய புத்தகங்களைப் பிரித்துத் தைத்து மறுபடி கட்டுபவன் நான். சேர்த்து மடிக்கும் தாள்தொகுப்புகளான பாரங்களை அடுக்கி, முதுகுப் பக்கத்தில் தையலுக்கான துளைகளை இடுவதற்கு அந்தக் குத்தூசியைத்தான் 11 ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தேன். அதன் மரக் கைப்பிடி, கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் மெருகேறி லேசாகக் குழிந்திருக்கும். சாணைக்கல்லில் தீட்டித் தீட்டி, முனை வாங்கியபோது இருந்ததைவிட ஒரு விரற்கடை குறைந்துவிட்டிருந்தது. பைக்குள் எதையும் குத்திவிடக் கூடாது என்பதற்காக முனையில் ஒரு தக்கையைச் செருகி வைத்திருப்பேன். அலுவலர் அந்தத் தக்கையைக் கழற்றினார். முனையை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தார். மறுபடி தக்கையைக் கவனமாகச் செருகினார். அந்தக் கவனத்தைப் பார்த்து, திருப்பித் தந்துவிடுவார் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன்.

இதைக் கைச்சுமையில் கொண்டுபோக முடியாது என்றார் அவர். வெளியே போய்ச் செக்-இன் பெட்டியில் சேர்த்துவிட்டு வரலாம். வழியனுப்ப வந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் கொடுத்தனுப்பலாம். இரண்டும் முடியாதென்றால் இங்கேயே விட்டுச் செல்லலாம் என்று வழிகளையும் சொன்னார். என் பெட்டி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. நான் தனியாக வந்திருந்தேன். விமானத்தின் கதவை மூட அரை மணி நேரம்கூட இல்லை. “சரி, எடுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “நாங்கள் எதையும் எடுத்துக்கொள்வதில்லை, சார். நீங்கள்தான் விட்டுச் செல்கிறீர்கள்” என்றார். குரலில் கடுமை இல்லை. தவறாகச் சொல்லப்பட்ட ஒரு சொல்லைத் திருத்துகிறவரின் பொறுமைதான் இருந்தது. பிறகு குத்தூசி மேசைக்குப் பின்னாலிருந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போனது. அங்கே ஏற்கெனவே சில நகவெட்டிகளும், ஒரு திருப்புளியும், நான்கைந்து லைட்டர்களும், பிள்ளைகள் காகிதம் வெட்டும் சிறு கத்தரிக்கோல் ஒன்றும் கிடந்தன. மரம் பிளாஸ்டிக்கில் மோதிய அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, கழற்றிய காலணிகளை மாட்டினேன்.

பொருள் போன வருத்தம் சில வாரங்களில் ஆறிவிட்டது. வேறொரு குத்தூசி வாங்கிவிட்டேன். ஆனால் அந்த வாக்கியம் மட்டும் ஆறவில்லை. நான் விட்டுச் செல்கிறேனா? விட்டுச் செல்வதற்கு மனம் வேண்டாமா? மனமில்லாமல், வேறு வழியும் இல்லாமல், ஒரு மேசையின் முன்னால் சில நொடிகளில் கைநழுவிப் போன பொருளை நானே துறந்ததாக எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்? அந்தக் கேள்வியிலிருந்துதான், அந்தப் பெட்டி நிறைந்த பிறகு எங்கே போகிறது என்று தேடத் தொடங்கினேன்.

ஒரு சொல்லின் கனம்

பேச்சுவழக்கில் நாம் எல்லோரும் ‘பறிமுதல்’ என்றே சொல்கிறோம். செய்திகளிலும் அப்படித்தான் வருகிறது. இதைப் பற்றி மிகுதியாக வெளிப்படையாகப் பேசியிருக்கும் அமைப்பு அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி உருவான அமைப்பு அது. தாங்கள் பயணிகளிடமிருந்து எதையும் பறிமுதல் செய்வதில்லை என்பதை அது திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறது. பயணிக்கு வழிகள் கொடுக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றைப் பயணியே தேர்ந்தெடுக்கிறார். பொருளை விட்டுச் செல்வதும் அவர் தாமாக எடுத்த முடிவு. அப்படி விடப்பட்ட பொருள் அரசுடைமையாகிறது. அவர்களுடைய ஏடுகளில் அந்தப் பொருளுக்குப் பெயரே ‘தாமாக முன்வந்து கைவிட்ட பொருள்’ என்பதுதான்.

முதலில் இதைச் சொல் விளையாட்டு என்றே நினைத்தேன். யோசிக்க யோசிக்க, அதன் கனம் புரிந்தது. பறிமுதல் என்பது அரசின் செயல். அரசு ஒன்றைச் செய்தால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். என்ன எடுத்தோம், யாரிடம் எடுத்தோம், எப்போது எடுத்தோம் என்று பதிவு வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேள்வி கேட்க ஓர் இடம் வேண்டும். சுங்க அதிகாரி ஒரு பொருளைப் பிடித்துவைத்தால் அதற்கு ஒரு தாள் கிடைக்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முறையிட முடியும். கைவிடுதல் அப்படியல்ல. அது என் செயல். நான் தெருவில் போட்டுவிட்டுப் போன பழைய செருப்புக்கு யாரும் ரசீது தருவதில்லை. ஆகவே பாதுகாப்பு மேசையில் என் பொருளுக்கும் எனக்கும் இருந்த உறவு முடிகிற அந்த நொடியில், தாளில் எதுவும் எழுதப்படுவதில்லை. என் பெயர் அந்தப் பொருளோடு போவதில்லை. மறுநாள் நான் திரும்பி வந்து கேட்டாலும், எது என்னுடையது என்று காட்ட என்னிடமும் சான்றில்லை, அவர்களிடமும் பதிவில்லை. ஒரு சொல்லை மாற்றியதால் ஒரு முழு நடைமுறையே தேவையற்றதாகிவிட்டது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மட்டும் 2024-இல் 90 கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் இந்தச் சோதனையைக் கடந்தார்கள். அத்தனை பேரில் சிறு பங்கினர் ஆளுக்கு ஒரு நகவெட்டியை விட்டுச் சென்றாலும், ஒவ்வொன்றுக்கும் பெயரும் முகவரியும் எழுதி ரசீது கிழிப்பதென்றால் வரிசை நகராது. அலுவலர்களின் வேலை பொருள்களைப் பாதுகாப்பது அல்ல, விமானத்தைப் பாதுகாப்பது. இதை மறுப்பதற்கில்லை. என் குத்தூசியை எடுத்தவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இன்னொருவர் பையில் அப்படியொரு கூர்முனை இருந்து, அது கண்டுகொள்ளப்படாமல் போயிருந்தால் நானே அவரைக் குறை சொல்லியிருப்பேன்.

குப்பைத் தொட்டியும் சேமிப்புக் கிடங்கும்

சோதனை மேசையில் விடப்படும் பொருள்கள் எல்லாம் ஒரே வழியில் போவதில்லை. திரவங்களின் வழிதான் மிகக் குறுகியது. 2006 ஆகஸ்டில், குளிர்பானப் புட்டிகளில் திரவ வெடிபொருளை நிரப்பிக்கொண்டு அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் ஏறும் திட்டம் ஒன்றைப் பிரிட்டனில் காவல்துறையினர் முறியடித்தார்கள். உடனே திரவங்கள் முற்றாகத் தடை செய்யப்பட்டன. சில வாரங்களில் அது, 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத புட்டிகளை ஒரு லிட்டர் அளவுள்ள ஒளி ஊடுருவும் பையில் வைத்துக் கொண்டுபோகலாம் என்ற விதியாகத் தளர்ந்து, உலகம் முழுவதும் பரவியது. அன்றிலிருந்து பிரிக்காத வாசனைத் திரவியமும், பாதி தீர்ந்த தலைமுடி எண்ணெயும், குடிநீரும் ஒரே தொட்டியில் விழுகின்றன. பிரிக்கப்படாத புட்டிகளையாவது இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாமே என்ற கேள்வி எவருக்கும் எழும். புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது என்பதால், பொதுவாக அவற்றைக் கொட்டிவிடுவதையே வழக்கமாக வைத்திருக்கிறார்கள். ஐயத்திற்குரியது என்று எடுக்கப்பட்ட திரவம், நூற்றுக்கணக்கானோர் நிற்கும் வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு தொட்டியில் கிடக்கிறது. அதிலிருந்தே தெரிகிறது, ஐயம் எந்த ஒரு புட்டியின் மேலும் இல்லை, புட்டிகள் என்ற இனத்தின் மேல்தான் இருக்கிறது என்று. அந்த விதியும் இப்போது கரைந்துவருகிறது. பையைப் பல கோணங்களிலிருந்து முப்பரிமாணமாகப் படம் பிடிக்கும் புதிய ஸ்கேனர்கள் வந்தபின், 2025-இல் எடின்பரோ, டப்ளின் போன்ற விமான நிலையங்கள் 2 லிட்டர் வரையிலான புட்டிகளை அனுமதிக்கத் தொடங்கிவிட்டன.

திரவங்களின் கதையில் எனக்குப் பிடித்த ஓர் இடம் ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே ஒருமுறை பயன்படுத்தும் பானப் புட்டிகளுக்குக் கடையில் 25 சென்ட் வைப்புத்தொகை வசூலிப்பார்கள். வெறும் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். ஷ்டுட்கார்ட், ஹாம்புர்க் போன்ற விமான நிலையங்களில் சோதனைக்கு முன்னால் பெரிய சேகரிப்புக் கலன்களை வைத்து, பயணிகள் விட்டுச் செல்லும் புட்டிகளின் வைப்புத்தொகையைக் கொண்டு, நெடுநாள் வேலையின்றி இருந்தவர்களுக்கு அந்தப் புட்டிகளைச் சேகரித்துப் பிரிக்கும் வேலையையே ஏற்பாடு செய்தார்கள். கைவிடுதல் என்ற சொல்லுக்கு அங்கே உண்மையான பொருள் இருக்கிறது. புட்டியைக் கலனில் இடுகிறவருக்கு அது எங்கே போகிறது என்று தெரியும், தெரிந்துதான் கொடுக்கிறார்.

லைட்டர், கண்ணில் அடிக்கும் மிளகுத்தூள் தெளிப்பான், எரியக்கூடிய வாயுக் குப்பிகள் ஆகியவை தனி வகை. இவற்றை விற்கவும் முடியாது, சாதாரணக் குப்பையில் எறியவும் முடியாது. ஆபத்தான கழிவாகக் கருதி, அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு அழிக்க வேண்டும். அமெரிக்காவில் 2005 ஏப்ரலில் லைட்டர்களுக்குத் தடை வந்தது. ஒரு நாளைக்கு 22,000-க்கும் மேற்பட்ட லைட்டர்கள் சேர்ந்தன. அவற்றை அழிப்பதற்கே பெருஞ்செலவானது. சாதாரண லைட்டர்களைத் தேடுவதில் அலுவலர்களின் கவனம் சிதறுகிறது என்ற காரணத்தையும் சொல்லி, 2007 ஆகஸ்டில் அந்தத் தடையை நீக்கினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அப்படிச் சேர்ந்த லைட்டர்களில் எத்தனையோ, யாரோ யாருக்கோ பெயர் பொறித்துக் கொடுத்த பரிசாக இருந்திருக்கும்.

துப்பாக்கிகளுக்கு இந்தக் கதையில் இடமில்லை. அவை கிடைத்தால் காவல்துறையை அழைப்பார்கள். அதன் பிறகு நடப்பது சட்டத்தின் வேலை. ஆனால் 2023-இல் அமெரிக்கச் சோதனை மேசைகளில் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, அவற்றில் 93 விழுக்காட்டில் குண்டுகள் நிரப்பப்பட்டிருந்தன என்பதை அறிந்தபோது, அந்த அலுவலர்கள் ஒவ்வொரு பையையும் எந்தக் கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது என்று எனக்கு விளங்கியது. என் பேனாப் பையும் அந்தக் கண் முன்னால்தான் திறந்தது.

மறதியால் விடப்பட்டவை வேறொரு கணக்கில் சேர்கின்றன. தட்டில் வைத்த மடிக்கணினி, இடுப்புவார், கண்ணாடி ஆகியவற்றை அமெரிக்காவில் குறைந்தது 30 நாள்கள் வைத்திருப்பார்கள். உரியவர் வந்து அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். வராவிட்டால், நினைவகம் உள்ள கருவிகளில் அந்த நினைவகத்தை அகற்றி அழித்துவிட்டோ, கருவியையே அழித்தோ கணக்கை முடிப்பார்கள். தட்டுகளில் விட்டுப்போன சில்லறைக் காசுகளுக்கு 2004-இல் தனிச் சட்டப் பிரிவே வந்தது. உரிமை கோரப்படாத அந்தப் பணத்தைப் பாதுகாப்புப் பணிகளுக்கே செலவிடலாம் என்று அது சொல்கிறது. 2018 நிதியாண்டில் மட்டும் அப்படிச் சேர்ந்தது 9 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு மேல். இதில் என்னைத் தொட்டது தொகை அல்ல. மறந்து வைத்துவிட்டுப் போனவனுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. கண்ணெதிரே நின்று, கையால் கொடுத்துவிட்டுப் போனவனுக்கு அதே மேசையில் ஒரு நாள்கூடக் கிடையாது. நான் அந்தக் குத்தூசியைத் தட்டிலேயே மறந்துவிட்டு, அதுவும் யார் கண்ணிலும் படாமல் இருந்திருந்தால், அது என்னுடையதாகவே இருந்திருக்கும்.

எஞ்சுபவை கத்தி, கத்தரிக்கோல், திருப்புளி, சுத்தி, மட்டை போன்ற கெட்டிப் பொருள்கள். இவற்றுக்கு மறுவாழ்வு உண்டு. அமெரிக்காவில் இவை மாநில அரசுகளின் உபரிச் சொத்துத் துறைகளுக்குப் போகின்றன. பென்சில்வேனியா மாநிலம் தன் எல்லைக்கு வெளியே உள்ள விமான நிலையங்களிலிருந்தும் இப்படிப்பட்ட பொருள்களைப் பெற்று, ஹாரிஸ்பர்க் நகரிலுள்ள தன் உபரிப் பொருள் விற்பனையகத்திலும் இணைய ஏலத்திலும் விற்று வந்திருக்கிறது. டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் அப்படியே செய்கிறது. பாதுகாப்பு நிர்வாகத்துக்கு இதில் ஒரு காசும் வருவதில்லை; விற்ற பணம் மாநிலத்துக்குப் போகிறது. தனித்தனியாக அல்ல, வகை பிரித்து, பெட்டி பெட்டியாக, பல நேரங்களில் எடை போட்டே விற்பார்கள். ஏலப் பக்கங்களின் படங்களை நான் இரவு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மடக்குக் கத்திகள் குவியலாக, புட்டித் தக்கையைப் பிடுங்கும் திருகிகள் குவியலாக, கத்தரிக்கோல்கள் குவியலாக. மரக் கைப்பிடி எதையாவது கண்டால் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். என் குத்தூசி விடப்பட்டது அந்த நாட்டிலேயே அல்ல என்பது தெரிந்தும் பார்ப்பேன். சிலர் இந்தக் குவியல்களிலிருந்து கலையும் செய்திருக்கிறார்கள்: மிஷேல் ப்ரெட் என்ற கலைஞர், 2001-க்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் சேர்ந்த கத்தரிக்கோல்களையும் நக அரங்களையும் கேட்டு வாங்கி, அவற்றை அடுக்கியே படைப்புகளை உருவாக்கினார். அவற்றின் ஒளிப்படங்களில், ஒவ்வொரு பொருளும் சிறியது, எல்லாம் சேர்ந்தால் பெரியது என்பது கண்ணுக்கே தெரிகிறது.

நீல நூல் சுற்றிய கத்தரிக்கோல்

இப்படியே படங்களைப் பார்த்துவிட்டு ஓய்ந்திருப்பேன், என் தோழி வராமல் இருந்திருந்தால். அவள் அமெரிக்காவில் பிள்ளைகளுக்குக் கைவேலை கற்றுத் தருகிறவள். வகுப்புக்குக் கத்தரிக்கோல்கள் தேவைப்பட்டபோது, உபரிப் பொருள் ஏலத்தில் ஒரு பெட்டி முழுக்க வாங்கியிருக்கிறாள். அவற்றைக் கழுவித் துடைத்துப் பிரித்தபோது ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறாள். என்னைப் பார்க்க வந்தபோது, செக்-இன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த அந்தக் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்து, “உன் குத்தூசிக் கதையைச் சொன்னாயே, அதனால்தான் இதைக் கொண்டுவந்தேன். பார்” என்றாள்.

கருத்த எஃகு, நல்ல கனம். கட்டைவிரல் நுழையும் வளையத்தில் நீல நூல் சுற்றப்பட்டிருந்தது. ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல், இடைவெளி விழாமல், பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 31 சுற்றுகள். முடிச்சு இல்லை. நூலின் நுனியைச் சுற்றுகளுக்கு அடியிலேயே இழுத்துச் செருகி முடிக்கும் முறை அது. நூலோடு பழகிய கைதான் அப்படிச் செய்யும். விரல் உரசும் உட்பக்கத்தில் நீலம் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. நாள் முழுக்க வெட்டி வெட்டி விரல் புண்ணான யாரோ ஒருவர் தம் விரலுக்குச் செய்துகொண்ட வைத்தியம் அந்த நூல். இரண்டு அலகுகளும் சேரும் திருகின் அடியில் மெல்லிய பஞ்சிழை சிக்கியிருந்தது; எனவே துணி வெட்டியவர். கையில் எடுத்து ஒரு தாளை வெட்டிப் பார்த்தேன். தாள் மடிந்துகொண்டு வெட்டுப்படவில்லை. பிறகுதான் கவனித்தேன், மேலே வரவேண்டிய அலகு மாறியிருந்தது. இடது கைக்காரர்களுக்கென்றே செய்யப்பட்ட கத்தரிக்கோல் அது. இடது கைக்கு மாற்றிப் பிடித்தபோது, எனக்குப் பழக்கமில்லாத அந்தக் கையிலும் தாள் சீராகப் பிளந்தது.

அவர் இடது கைக்காரர்; துணியோடு வேலை செய்தவர்; கட்டைவிரல் நொந்தவர்; நூலை முடிச்சில்லாமல் முடிக்கத் தெரிந்தவர். இத்தனையும் அந்தப் பொருள் சொல்கிறது. யார் என்று மட்டும் சொல்லாது. எந்த விமான நிலையம், எந்த நாள், எந்தப் பயணம் என்று எங்கும் எழுதப்படவில்லை. என் தோழி ஏலம் நடத்திய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். உரியவரைக் கண்டறியும் வழி எதுவும் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்திருக்கிறது. அது பொய்யான பதில் அல்ல. அந்த வழி சோதனை மேசையிலேயே அடைபட்டுவிட்டது.

இன்னொன்றையும் அளந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் 2005 டிசம்பர் முதல், திருகிலிருந்து முனை வரை 4 அங்குலத்துக்கும் குறைவான அலகுள்ள கத்தரிக்கோலைக் கைச்சுமையில் கொண்டுபோகலாம். ஐரோப்பாவில் அதே அளவு 6 சென்டிமீட்டர். ஆகவே 8 சென்டிமீட்டர் அலகுள்ள ஒரு கத்தரிக்கோல் ஒரு கண்டத்தில் கருவியாகவும் மறு கண்டத்தில் ஆயுதமாகவும் இருக்கிறது. எல்லைகள் எங்காவது வரையப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவை எப்படி நகர்கின்றன என்பதும் தெரியும். 2013 மார்ச்சில் அமெரிக்காவில் 6 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு மடக்குக் கத்திகளை அனுமதிப்பதாக அறிவித்தார்கள். விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மூடிய கதவுக்குள் பயணிகளோடு இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான் என்பதால் அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஜூன் மாதத்தில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே, புத்தக அட்டைகளை அளக்கும் எஃகு அளவுகோலை எடுத்துத் திருகின் நடுவில் வைத்தேன். 10.4 சென்டிமீட்டர். 4 அங்குலம் என்பது 10.16. இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடு. ஒருவேளை சோதனை மேசையில் யாரும் அளவுகோல் வைத்துப் பார்க்காமல், கண்ணளவிலேயே முடிவு செய்திருக்கலாம். விதிகளின்படி இறுதி முடிவு அங்கே நிற்கும் அலுவலருடையதுதான். அந்த இரண்டரை மில்லிமீட்டரைச் சாணையில் தேய்த்துவிட்டிருந்தால் அந்தக் கத்தரிக்கோல் அதன் சொந்தக்காரரோடு பறந்திருக்கும்.

என் மனம், அந்தக் கத்தரிக்கோல் கிடந்த என் மேசையில்தான் ஒரு முடிவுக்கு வந்தது. அதுவரை ‘நீங்கள்தான் விட்டுச் செல்கிறீர்கள்’ என்ற வாக்கியத்தை எனக்கு நேர்ந்த ஒரு சிறு அவமதிப்பாகவே சுமந்துகொண்டிருந்தேன். என் பொருளுக்கு மதிப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்ற குறைதான் அதற்குள் இருந்தது. அந்த நீல நூலைப் பார்த்தபின் குறை வேறாகிவிட்டது. இந்தப் பொருள்களில் எதுவும் சட்டவிரோதமானது அல்ல. கத்தரிக்கோல் வைத்திருப்பது குற்றமல்ல, குத்தூசி வைத்திருப்பதும் குற்றமல்ல. அதே விமானத்தின் அடித்தளத்தில், அதே பயணியின் பெட்டியில் அவை பறக்கலாம். அவை தவறான பொருள்கள் அல்ல, தவறான பையில் இருந்த பொருள்கள். தவறான பையில் இருந்ததற்கு, உரியவரை நிரந்தரமாக இழப்பது மிகப் பெரிய தண்டனை. அந்தத் தண்டனையைப் பயணியே விரும்பி ஏற்றதாக எழுதிக்கொள்வது உண்மைக்கு மாறானது.

செய்யக்கூடியது ஒன்றும் கடினமானதல்ல. சில விமான நிலையங்களில் சோதனை மேசைக்கு அருகிலேயே உறையும் படிவமும் வைத்திருக்கிறார்கள். அஞ்சல் செலவைப் பயணியே செலுத்தி, பொருளைத் தன் முகவரிக்கு அனுப்பிக்கொள்ளலாம். சில இடங்களில் ஒரு கட்டணத்துக்குப் பொருளைப் பாதுகாத்து வைத்திருந்து, திரும்பி வரும் நாளில் கொடுக்கிறார்கள். அங்கே அலுவலரின் நேரம் வீணாவதில்லை, வரிசையும் நிற்பதில்லை. எல்லோரும் அதைப் பயன்படுத்த மாட்டார்கள். பெரும்பாலான நகவெட்டிகளை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. அப்படி உறை இருந்தும் ஒருவர் விட்டுச் சென்றால், அப்போது ‘நீங்கள்தான் விட்டுச் செல்கிறீர்கள்’ என்று அவரிடம் சொல்லலாம். அந்த வாக்கியம் அப்போது உண்மையாக இருக்கும். உறை இல்லாத இடங்களில், அந்தப் பெட்டியின் மேல் ‘இவை எங்கே போகின்றன’ என்று ஒரு வரியாவது எழுதி ஒட்டலாம். எனக்கு அன்று அந்த ஒரு வரி கிடைத்திருந்தால், என் குத்தூசி எங்கோ ஒரு மனிதரின் கைக்குப் போகக்கூடும் என்ற நினைப்போடாவது விமானம் ஏறியிருப்பேன்.

என் தோழி கிளம்புவதற்கு முந்தைய நாள், கத்தரிக்கோலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பெட்டி பெட்டியாக மாறி, குவியலில் உருண்டு வந்ததில், நூலின் நுனி ஓரிடத்தில் அடியிலிருந்து வெளியே வந்துவிட்டிருந்தது. அப்படியே விட்டால் ஒரு மாதத்தில் 31 சுற்றுகளும் அவிழ்ந்துவிடும். வெட்டிவிட்டு என் மெழுகு நூலால் புதிதாகச் சுற்றிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். புதிதாக வாங்கிய குத்தூசியை எடுத்து, அதன் முனையால் கடைசி ஆறு சுற்றுகளை மட்டும் மெல்ல நெகிழ்த்தி, அவிழ்ந்த நுனியை அவற்றின் அடியில் நுழைத்து, மறுபக்கம் வழியாக இழுத்து இறுக்கினேன். புதுக் குத்தூசியின் கைப்பிடி இன்னும் என் கட்டைவிரலுக்குப் பழகவில்லை. இரண்டு முறை வழுக்கியது. முடித்தபோது நூல் முன்பிருந்தது போலவே நின்றது. மறுநாள் காலை விமான நிலையத்தின் வாசலில் அவளை இறக்கிவிட்டபோது, கத்தரிக்கோலை எந்தப் பெட்டியில் வைத்தாய் என்று கேட்டேன். பெரிய பெட்டியில்தான் என்றாள். வண்டியை எடுக்கும் முன் மறுபடியும் கேட்டேன். அவள் பெட்டியை அங்கேயே நடைபாதையில் படுக்கவைத்துத் திறந்து, துணிகளுக்கு நடுவே நீல நூல் தெரியும்படி அதை எனக்குக் காட்டிவிட்டு, மூடிப் பூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.